காம்பு வச்ச கிளாஸ் வேண்டாம்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. குடிக்காத நல்லவர்கள் நன்னாரி சர்பத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கலாம், பாதிக்கு மேல் அதற்கும் பொருந்தும். :-)

போன வாரம் குர்காவ்னில் இருக்கும் காலேஜ் நண்பன் போன் செய்தான். புது ஃபிளாட், ஹாலில் ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு வைத்து 'பார் யூனிட்' அடித்திருக்கிறானாம். "டேய், நீ கோவால இருக்கே. உனக்குத் தெரியாததா? என்ன கிளாஸ் வாங்கலாம் சொல்லு. காம்பு வச்சதா, வெறும் டம்ளர் மாதிரியா?"

கோவாவில் வேலை பார்த்தால் சாயங்காலம் ஆனதும் கையில் குடை சொருகின காக்டெயிலோடு கடற்கரையில் உட்கார்ந்திருப்போம் என்று நம் ஊர்ப் பயலுகளுக்கு ஒரு நினைப்பு. மட்காவ் பக்கம் ஒரு பேங்க் கிளையில், மார்ச் மாதக் கடைசியில், என்பிஏ லிஸ்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நாற்பது நிமிடம் பதில் சொன்னேன். போனை வைத்ததும் தங்கமணி, "இதையெல்லாம் எழுதித் தொலையுங்க, இன்னொருத்தர் கேட்டா லிங்க் கொடுத்துடலாம்" என்றார். அதான்.

முதலில் இந்தக் காம்பு எதற்கு? சுருக்கமாகச் சொன்னால், கைச்சூடு சரக்கில் ஏறக்கூடாது என்பதற்கு. மார்ட்டினி மாதிரி காக்டெயிலை ஐஸில் போட்டுக் கலக்கி, ஐஸை வடிகட்டிவிட்டு, வெறும் திரவத்தை மட்டும் கிளாஸில் ஊற்றுவார்கள். அதன்பின் அதைக் குளிர்விக்க உள்ளே எதுவும் இல்லை. அதனால் காம்பைப் பிடிக்க வேண்டும். ஐஸ் போட்டுக் குடிக்கிற எதற்கும் காம்பு தேவையில்லை. விஸ்கி ஆன் தி ராக்ஸ், ஜின் டானிக், ரம்மும் கோலாவும், வோட்காவும் ஆரஞ்சும், இப்படி நம் வீடுகளில் புழங்கும் வகையறாவில் நூற்றுக்குத் தொண்ணூறு ஐஸ் போட்டவைதான். பிராந்தி கிளாஸ் நேர் எதிர். குட்டைக் காம்பு, பெரிய வயிறு, குறுகின வாய். உள்ளங்கையில் ஏந்தி, கைச்சூட்டில் வாசனையைக் கிளப்பிக் குடிக்கிற சமாச்சாரம். நம்மாட்கள் அதிலும் நாலு ஐஸைப் போட்டு சோடாவை விளிம்பு வரைக்கும் ஊற்றுவார்கள். ஊரில் ஒரு மாமா அதில் பெப்சி ஊற்றிப் பார்த்திருக்கிறேன். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், நான் யார் குறை சொல்ல?

ஆக, காம்பு பிறந்தது குளிர்ந்த தேசத்தில், குளிர்ந்த அறையில். ஏப்ரல், மே மாதத்தில் கோவாவுக்கு வந்து பாருங்கள். 33, 34 டிகிரிதான் காட்டும், ஆனால் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும். ஐஸ் போட்ட கிளாஸைக் கையால் தொடாமல் மேசையில் வைத்தாலே வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்துவிடும். பையன் பிளஸ் டூ. அவனுடைய இயற்பியல் புத்தகத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். காற்றில் இருக்கும் நீராவி கிளாஸின் மேல் ஒரு கிராம் தண்ணீராகப் படிந்தால், சுமார் 580 கலோரி வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது (டயட் கலோரி இல்லை, பாடப்புத்தகக் கலோரி). அதில் பெரும்பங்கு உள்ளே போகும். 100 மில்லி தண்ணீரை ஏறக்குறைய 6 டிகிரி சூடேற்ற 580 கலோரி போதும். காம்பைப் பிடித்தால் என்ன, விட்டால் என்ன, சென்னையிலும் மும்பையிலும் கொச்சியிலும் கோவாவிலும் நம் எதிரி உள்ளங்கை இல்லை, காற்று. கிளாஸைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, சின்ன அளவாக ஊற்றி, சீக்கிரம் முடிப்பதுதான் மார்ட்டினிக்கு வழி. பி.காம் படித்த எனக்கு இதற்குமேல் பௌதிகம் வராது.

குர்காவ்ன் நண்பன் உடனே, "எங்க ஊர்ல டிசம்பர்ல 5 டிகிரி" என்றான். சரிதான், ஆனால் அந்தக் குளிரில் யாரடா ஐஸ் போட்ட சரக்கு கேட்பது?

இப்போது கொஞ்சம் கொசுவத்தி. 2009 முதல் 2012 வரை எனக்கு ஃபிரோசாபாத்தில் போஸ்டிங். ஆக்ராவிலிருந்து 40 கிலோமீட்டர் சுமார். வளையலும் கண்ணாடிச் சாமானும்தான் அந்த ஊர். நீங்கள் எந்த மாநிலத்தில் கண்ணாடி வளையல் வாங்கியிருந்தாலும் அது அங்கே பிறந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தாஜ்மஹாலுக்குப் புகை ஆகாது என்று 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன பிறகு, நிலக்கரி உலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின ஊர். நான் போனபோது எங்கள் கிளையின் பாதிக் கடன் இந்த உலைகளுக்குக் கொடுத்த நடைமுறை மூலதனம். மாதம் ஒரு தடவை சரக்கு இருப்பைச் சரிபார்க்கப் போக வேண்டும். மே மாத வெயில், உள்ளே ஆயிரத்துச் சொச்சம் டிகிரி உலை, அதற்கு நடுவே நீளமான இரும்புக் குழாயின் நுனியில் செக்கச் சிவந்த கண்ணாடிக் குழம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள் பாருங்கள், சின்னப் பையன்களிலிருந்து என் அப்பா வயசு ஆட்கள் வரை. நான் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்பேன்.

அங்கே கற்றுக்கொண்டது இரண்டு. ஒன்று, உடைந்த கண்ணாடி அங்கே நஷ்டம் இல்லை, மூலப்பொருள். மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார்கள். மணலோடு சேர்த்து உலையில் போட்டால் குறைந்த சூட்டிலேயே உருகும், எரிவாயு மிச்சம். அதனால் ஒரு கிளாஸ் கீழே விழுந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, ஒரு வயசான உஸ்தாத் சொன்னது. ஊதிச் செய்த கிளாஸை மெதுவாக ஆறவிட வேண்டும், அதற்கென்று நீளமான சூளை உண்டு. அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும், வெளியே தெரியாது. பல மாதம் கழித்து ஒரு நாள், காரணமே இல்லாமல் போகும். "எங்கே போகும் தெரியுமா சாப்? ஒட்டின இடத்தில்" என்று, கையில் இருந்த காம்பு கிளாஸில் வயிறும் காம்பும் சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

காதில் வாங்கிக்கொண்டேன். மனதில் வாங்கவில்லை.

2021-ல் கோவாவுக்கு மாற்றல் ஆகி வந்தோம். தங்கமணிக்கு ரொம்ப நாள் ஆசை, சினிமாவில் வருவது மாதிரி பெரிய வயிறும் நீளக் காம்புமாக ஆறு கிளாஸ். வாங்கினோம். 1,800 ரூபாய். அழகு என்றால் அழகு. முதல் ஆறு மாதத்தில் ஒன்று, விருந்தாளி கை தட்டி உடைந்தது. பரவாயில்லை, திருஷ்டி கழிந்தது என்றோம்.

எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் அக்கா வட கர்நாடகத்துக்காரர். கதக் பக்கம். கன்னடத்திலும் அக்கா, அண்ணாதான், அதனால் எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை. எங்களோடு சேர்த்து நாலு வீடு. 2022 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முந்தின நாள் விருந்து முடிந்து சிங்க் நிறையப் பாத்திரம். அந்தக் கிளாஸை எப்படிக் கழுவ வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கை ஸ்க்ரப்பரோடு வயிற்றுக்குள்ளே. இன்னொரு கை கீழே தட்டையைப் பிடித்திருக்கும். உள்கை ஒரு பக்கம் திருகும், வெளிக்கை அசையாமல் எதிர்ப்பக்கம் பிடிக்கும். துணி பிழிகிற மாதிரி. நடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு காம்பு. சோப்புத் தண்ணீர் வேறு.

'டிக்' என்ற சத்தம் ஹாலுக்கே கேட்டது. ஒட்டின இடத்தில்தான் போயிருந்தது. உடைந்த காம்பு ஊசி மாதிரி கட்டைவிரலுக்குக் கீழே இறங்கியிருந்தது. நான் போய்ப் பார்க்கும்போது அக்கா பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, தரையில் ரத்தம் சொட்டாமல் சிங்க்கின் மேலேயே கையை நீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, கிளாஸ் காசைச் சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

அஞ்சு தையல். நரம்புக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். மூன்று வாரம் தண்ணீர் படக்கூடாது. எங்கள் வீட்டுச் சம்பளமும் ஆஸ்பத்திரிச் செலவும் நாங்கள் கொடுத்தோம், அது பெருமை இல்லை, கடன். ஆனால் மற்ற மூன்று வீடு? ஒரு வீட்டில் அந்த மூன்று வாரத்துக்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அந்த வீடு திரும்பக் கிடைக்கவே இல்லை. நாங்கள் காட்சிக்கு வாங்கின 300 ரூபாய் கிளாஸ் ஒருத்தருடைய மாத வருமானத்தில் கால்வாசியைச் சாப்பிட்டுவிட்டது. கடன் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் "இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கீங்களா, ரிஸ்க் யார் தலையில?" என்று இருபது வருடமாகக் கேட்கிறவன் நான். இந்தக் கிளாஸின் ரிஸ்க் யார் தலையில் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தையல் பிரித்த பிறகு தங்கமணியிடம் அக்கா சொல்லியிருக்கிறார். முதல் வாரத்திலிருந்தே அந்தக் கிளாஸைக் கண்டால் பயமாம். சொன்னால் வேலைக்குச் சோம்பல் என்று நினைப்போமோ என்று சொல்லவில்லையாம்.

அதனால் என் கட்சி இது. மிக்ஸி வாங்கும்போது அரைக்கிறவரைக் கேட்கிறோம். கிளாஸ் வாங்கும்போது குடிக்கிறவரை மட்டும் ஏன் கேட்கிறோம்? கழுவுகிறவரைக் கேளுங்கள். கழுவுவது நீங்களே என்றால் தாராளமாக ஆஸ்திரியாவிலிருந்து காம்பு கிளாஸ் வரவழைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விரல், உங்கள் பாடு. அந்த ஊர் ரீடல் கம்பெனியே 2004-ல் காம்பே இல்லாத வைன் கிளாஸ் வரிசையைக் கொண்டு வந்துவிட்டது என்பதையும் சொல்லி வைக்கிறேன். காம்பை வைத்துப் பேர் வாங்கினவர்களே எடுத்துவிட்டார்கள், நமக்கு என்ன வீம்பு?

காம்பு இல்லாவிட்டால் மட்டும் போதாது, அதையும் சொல்ல வேண்டும். ஒல்லியான உயர டம்ளருக்குள் கை போகாது, விரலை மட்டும் விட்டுக் குடைவார்கள், அதுவும் ஆபத்துதான். அடுத்த தடவை மட்காவ் மார்க்கெட்டுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனோம். கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். அக்கா ஒவ்வொன்றிலும் கையை மடக்கி உள்ளே விட்டுப் பார்த்தார். போனது, போகாதது என்று இரண்டு வரிசை. அவ்வளவுதான் தேர்வு. போன வரிசையிலிருந்து அடி கனமான, குட்டையான ராக்ஸ் கிளாஸ் ஆறு, கொஞ்சம் உயரமாக வாய் அகலமாக ஆறு. எல்லாம் சேர்த்து 1,400 சொச்சம். இதுவரை ஒன்று உடைந்திருக்கிறது, அதுவும் என் கையில். டஃபன் செய்த டம்ளர் கிடைத்தால் இன்னும் நல்லது, உடைந்தால் கத்தி மாதிரி நீளத் துண்டாக இல்லாமல் பொடிப்பொடியாகத்தான் போகும். ஆழமாகக் கீறல் விழுந்தால் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், திடீரென்று வெடிக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. தண்ணீர் சேர்க்காமல், அல்லது நாலு சொட்டு மட்டும் சேர்த்து விஸ்கி ருசிக்கிறவர்களுக்கு கிளென்கெய்ர்ன் என்று ஸ்காட்லாந்தில் 2001-ல் வந்த கிளாஸ். கீழே வயிறு, மேலே குறுகல், காம்புக்குப் பதிலாகக் கட்டையான குட்டைப் பாதம். வாசனை மூக்கில் கூடும், பாதம் உடையாது. ஆனால் கை உள்ளே போகாது. எங்கள் வீட்டில் இரண்டு இருக்கிறது, அதை அன்று இரவே வெந்நீர் விட்டு அலசிக் கவிழ்க்க வேண்டியது ஐயாவின் வேலை. மறுநாள் காலை சிங்க்கில் கிடந்தால் தங்கமணி பார்க்கிற பார்வைக்கு ஆர்பிஐ இன்ஸ்பெக்‌ஷன் தேவலை.

கோவாவுக்கு வந்து ஃபெனி வாங்கிப் போகிறவர்கள் அதை இந்தக் கிளாஸில் ஊற்றி மூக்கை விடாதீர்கள். முந்திரிப் பழச்சாற்றைக் காய்ச்சி வடித்தது, 42 சதவீதத்துக்கு மேல். வாசனை சும்மாவே தெருமுனை வரைக்கும் வரும், குறுகின வாயில் முகத்தில் அடிக்கும். இங்கே உள்ளூர்க்காரர்கள் சாதாரணச் சின்னக் கண்ணாடி டம்ளரில்தான் குடிக்கிறார்கள். மார்ச் முதல் மே வரை கிடைக்கும் உர்ராக்குக்கு உயரமான டம்ளர், ஐஸ், லிம்கா, உப்பு, எலுமிச்சை, கீறின பச்சை மிளகாய். 2009-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்குக்கு எந்தக் காம்பும் தேவைப்படவில்லை.

பார் யூனிட் அலங்காரத்துக்குச் செம்பு மக் வாங்கலாமா என்றும் நண்பன் கேட்டான். மாஸ்கோ மியூல் குடிக்கவாம். எலுமிச்சை பிழிகிற காக்டெயில் அது. பித்தளைப் பாத்திரத்தில் புளி வைக்கக்கூடாது, ஈயம் பூசு என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் 2017-ல் அமெரிக்காவில் அயோவா மாநில மதுத்துறை அறிவிப்பாகப் போட்டது. உள்ளே ஸ்டீல் பூச்சு இருந்தால் வாங்கு என்றேன். பழைய கிறிஸ்டல் டிகான்டர் ஏலத்தில் கிடைக்கிறது என்றான். லெட் கிறிஸ்டல் என்றால் 24 சதவீதத்துக்குக் குறையாமல் காரீய ஆக்சைடு. ரசத்துக்கு வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு. காரீயக் கண்ணாடியில் பிராந்தியை மாதக்கணக்கில் ஊற்றி வைத்தால் ஈயம் இறங்குகிறது என்று 1991-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஷோகேஸில் வை, ஊற்றி வைக்காதே.

கடைசியாக அளவு. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு, வீட்டுக்கு வந்த நாலு நண்பர்களிடம் மூன்று வகைக் கிளாஸைக் கொடுத்து, "கண் அளவில் ஒரு லார்ஜ் ஊத்துங்க" என்றேன். பச்சைத் தண்ணீர்தான். பையன் சமையலறைத் தராசோடு ஆடிட்டர். லார்ஜ் என்றால் 60 மில்லி. ஒல்லி டம்ளரில் எல்லோரும் 60-ஐ ஒட்டியே ஊற்றினார்கள். அகலமான ராக்ஸ் கிளாஸில் 70, 80. மிச்சமிருந்த அந்தப் பெரிய வயிற்றுக் காம்பு கிளாஸில் ஒருத்தரும் 90-க்குக் குறையவில்லை. அரை லிட்டர் பிடிக்கிற வயிற்றில் 60 மில்லி கொப்புளித்துத் துப்பின தண்ணீர் மாதிரித் தெரியும், கை தானாகச் சாயும். ஒரு லார்ஜ் என்று நினைத்து ஒன்றரை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் 2012-ல் பார்த்திருக்கிறார்கள், வளைந்த கிளாஸில் பீர் குடித்தவர்களைவிட நேரான கிளாஸில் குடித்தவர்கள் முடிக்க ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்களாம்.

அப்பா விருதுநகரில் கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. ஒரு பைசா தவறாது. ராத்திரி கொல்லைப்புறம், கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளரில் குடிப்பார். தண்ணீர் குடிப்பதாக நாங்கள் நினைக்க வேண்டுமாம். நாங்கள் அப்படியே நினைப்பதாக நடிப்போம். எவ்வளவு ஊற்றினார் என்று அம்மாவுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியாது. கண்ணாடி இல்லையா, அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. 58 வயதில் மஞ்சள் காமாலை என்று படுத்தார். டாக்டர் "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டபோது அந்தக் கணக்குப்பிள்ளையால் கணக்குச் சொல்ல முடியவில்லை.

எங்கள் வீட்டில் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே 30-60 அளவுக் கிண்ணம் கட்டாயம். 150 ரூபாய். கண்ணாடி கிளாஸ் மட்டும், ஹாலில் மட்டும், பையன் பார்க்கத்தான். ஊரிலிருந்து அம்மா வந்தால்கூட ஒளிப்பதில்லை. முதல் தடவை அம்மா ஒன்றும் சொல்லாமல் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதாம்மா."

நண்பன் என்ன வாங்கினான் என்று கேட்கிறீர்களா? நேற்று வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினான். காம்பு வைத்த கிளாஸ் பன்னிரண்டு, தலைகீழாகத் தொங்குகிறது, நடுவில் நீல லைட். அவன் வீட்டில் யார் கழுவுகிறார்கள் என்று கேட்டுப் பதில் அனுப்பியிருக்கிறேன். ரெண்டு நீல டிக் விழுந்துவிட்டது, இன்னும் பதில் இல்லை.

எங்களிடம் மிச்சம் நாலு லாஃப்ட்டில் கிடக்கிறது. தங்கமணி அதில் மணிபிளான்ட் வைக்கலாம் என்கிறார்.